எலிசபெத்தின் வீட்டில் பிறந்த பாடல்

திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
நற்செய்தி: லூக்கா 1:39-45



கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. வீடுகளில் நட்சத்திரம் கட்டியாயிற்று. குடிலுக்கு வைக்கோல் வந்துவிட்டது. இந்த நேரத்தில் திருச்சபை நம் முன் நிறுத்துவது இரண்டு கர்ப்பிணிப் பெண்களை. ஒருவர் மிக இளையவர், புகுந்த வீட்டுக்கு இன்னும் போகாதவர். மற்றவர் முதியவர், குழந்தை இல்லாதவர் என்று ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தலை நரைத்தவர். இயேசுவின் பிறப்பைக் கொண்டாடப் போகிற நாம், அவரைச் சுமந்த தாயின் மனம் அந்த மாதங்களில் எப்படி இருந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம். அதே வெளிச்சத்தில் நம் வலங்கைமான் பகுதி வீடுகளில் இன்று வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்களின் மனத்தையும் நினைப்போம்.

வானதூதரின் வாழ்த்தைக் கேட்டதும் மரியா கலங்கினார் என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். யோசேப்போடு மண ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஆனால் கூடி வாழத் தொடங்கவில்லை. அந்த நிலையில் கருவுற்ற பெண்ணை அன்றைய சட்டம் எப்படி நடத்தும் என்பது மரியாவுக்குத் தெரியும். யோசேப்பு அவரை மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்று மத்தேயு சொல்கிறார். இறைவனுக்கு 'ஆம்' சொன்ன அதே பெண்ணுக்கு, மறுநாள் காலையில் ஊர் முகத்தில் விழிக்கவேண்டிய கவலையும் இருந்தது. அவர் விரைந்து புறப்பட்டார். நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்குள்ள தூரம், இங்கிருந்து திருச்சிக்கு நடப்பதற்குக் குறையாது.

அங்கே, அந்த முதியவரான எலிசபெத்து ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் ஐந்து மாதம் அவர் வெளியே தலைகாட்டவே இல்லை. வீட்டில் கணவர் செக்கரியாவுக்கோ பேச்சு இல்லை. காத்திருந்து காத்திருந்து வந்த கருவைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொள்ளத் துணை இல்லாமல் அந்த அம்மா எத்தனை இரவுகளைக் கழித்திருப்பார்! இப்படித் தனித்தனியே சுமந்துகொண்டிருந்த இருவர் ஒரு வாசற்படியில் சந்திக்கிறார்கள்.

எலிசபெத்து அந்த வாசலில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. புத்திமதி சொல்லவும் தொடங்கவில்லை. தூய ஆவியால் நிறைந்து, வந்தவரையும் வயிற்றில் உள்ள குழந்தையையும் சேர்த்து வாழ்த்தினார். தன்னைவிட வயதில் மிக இளைய அந்தப் பெண் தன் வீட்டுக்கு வந்ததையே பெரும் பேறாகக் கருதினார். இன்றைய வாசகம் அங்கே நிற்கிறது. அதற்கு அடுத்த வரியிலிருந்து மரியாவின் புகழ்ப்பாடல் தொடங்குகிறது. வானதூதர் வந்து நின்றபோது மரியா பாடவில்லை. நாசரேத்தில் தனித்திருந்தபோதும் பாடவில்லை. தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் அவர் உள்ளம் பாடியது. இறைவன் தந்த மகிழ்ச்சி அவரிடம் முன்பே இருந்தது. அதைப் பாடலாக்கியது எலிசபெத்தின் வீடு.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: கர்ப்பிணிப் பெண்ணின் மன நலம் அவள் ஒருத்தி தலையில் கட்டிவிடக்கூடிய பொறுப்பு கிடையாது. அது வீட்டின் பொறுப்பு, ஊரின் பொறுப்பு, இந்தப் பங்கின் பொறுப்பு.

நம் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீடே அவளைச் சூழ்ந்துகொள்கிறது. மாங்காய் வருகிறது, சாம்பல் வருகிறது, ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ கை நிறைய வளையல் வருகிறது. ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கே மசக்கை என்று சொல்லி, சித்திரான்னம் படைக்கிற மக்கள் வாழும் மண் இது. பக்கத்தில் திருக்கருகாவூர் கோயிலுக்கு நம் இந்துச் சகோதரிகள் கருவைக் காக்க வேண்டி நாள்தோறும் வருகிறார்கள். நம் தாய்மார்கள் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் நேர்ந்துகொள்கிறார்கள். எந்த மதத்தவளாக இருந்தாலும் வயிற்றில் பிள்ளை இருப்பவளின் அச்சம் ஒன்றேதான். உடம்புக்கு வேண்டியதை நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். மனம் என்று வரும்போது மட்டும் ஒரே ஒரு சொல்லை வைத்திருக்கிறோம்: "சந்தோஷமா இரு. அழுவாதடி, வயித்துப் புள்ளைக்கு ஆவாது."

அன்பினால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்கிற பெண்ணுக்கு என்ன ஆகிறது? அழுகை நிற்பதில்லை, கொல்லைப்புறத்துக்குப் போய்விடுகிறது. ஏற்கெனவே இருக்கிற பயத்தோடு, நான் அழுவதால் என் பிள்ளைக்குக் கேடு வருமோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. "நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே புள்ள பெத்தோம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது, தனக்குத்தான் ஏதோ குறை என்று அவள் முடிவு கட்டிக்கொள்கிறாள். அப்படி நாற்று நட்ட தாய்மார்கள் அன்று யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய கண்ணீர் எவ்வளவு என்பதை அவர்களே அறிவார்கள்.

கோயிலுக்கு வரும் வழியில் நம் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். சம்பா சூல் கட்டி நிற்கிறது. இந்தப் பருவத்தில் வயல் காய்ந்தால் நெல் பதராகப் போகும் என்று எந்த விவசாயிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் வரப்பில் நின்று பயிரைப் பார்த்து, தைரியமாக இரு என்று உபதேசம் செய்வதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறக்கிறார். நம் வீட்டுப் பெண்ணுக்கும் அதைத்தான் செய்யவேண்டும்.

"விசுவாசம் உள்ள பெண்ணுக்கு மனச்சோர்வு வருமா? செபம் குறைந்ததால்தான் இப்படி" என்று சிலர் நினைக்கிறீர்கள். விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. ஈசாக்கின் மனைவி ரெபேக்கா பல ஆண்டு காத்திருந்து கருவுற்றவர். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் முட்டி மோதியபோது, இப்படியானால் நான் ஏன் வாழவேண்டும் என்று நொந்துபோனார். அந்த நொந்த மனத்தோடுதான் ஆண்டவரிடம் போய்க் கேட்டார். ஆண்டவரும் பதில் தந்தார், கடிந்துகொள்ளவில்லை. ஆகாரை நினையுங்கள். எகிப்திலிருந்து வந்த பணிப்பெண். வயிற்றில் ஆபிராமின் பிள்ளை. வீட்டுக்காரி சாராயின் கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடிப்போகிறாள். அந்த வீட்டில் யாரும் அவளைத் தேடிப் போனதாகத் தொடக்கநூல் சொல்லவில்லை. ஆண்டவரின் தூதர்தான் நீரூற்றின் அருகே அவளைக் கண்டார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று முதலில் கேட்டார். யாராவது தன்னைக் கேட்டார்களே என்பதே அவளுக்குப் பெரிது. தன்னைக் காண்கிற கடவுள் என்று ஆண்டவருக்கே பெயர் சூட்டினாள். கலங்கிய மரியா, நொந்த ரெபேக்கா, ஓடிப்போன ஆகார் ஆகிய மூவரையும் இறைவன் கைவிடவில்லை. மனம் சோர்வது பாவம் ஆகாது. அது விசுவாசக் குறைவின் அடையாளமும் ஆகாது.

மசக்கைக் காலத்தில் எரிச்சல் வரும், காரணமில்லாமல் கண் கலங்கும், பிரசவத்தை நினைத்து நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் அது தணிந்துவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் இருண்டே கிடந்தால், தூங்க நேரமிருந்தும் தூக்கம் வராவிட்டால், சோறு இறங்காவிட்டால், எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால், நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடாமல் வந்தால், அது நோய். சர்க்கரையைப் போல, இரத்தக் கொதிப்பைப் போல அதற்கும் மருத்துவம் உண்டு. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ, பிரசவம் ஆன பெண் திடீரென்று நிலைதடுமாறிப் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளைத் தனியே விடக்கூடாது. பேய் பிடித்துவிட்டது என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலையும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. செபிக்க என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். வந்ததும் நானும் மருத்துவரிடம் போகத்தான் சொல்வேன்.

இந்த நோய் எங்கோ நகரத்தில் படித்த பெண்களுக்கு வருவது என்று எண்ணவேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும், பிள்ளை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் மன நோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். வளரும் நாடுகளில் இது இன்னும் கூடுதல்: கர்ப்பிணிகளில் 15.6, பிள்ளை பெற்றவர்களில் 19.8 விழுக்காடு.

நம் தமிழ்நாட்டுக் கிராமத்திலேயே செய்த ஆய்வு ஒன்று உண்டு. அதைச் செய்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரி எப்படித் தோன்றியது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க ஐடா ஸ்கடர் என்ற பெண்ணை அழைத்தார்கள். அப்போது அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மூன்று மரணங்களையும் இறைவனின் அழைப்பாகக் கேட்ட ஐடா, அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கல்லூரியின் மருத்துவர்கள், கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்கள் முதல் பிரசவத்துக்குப் பின்வரை தொடர்ந்து கவனித்து, 2002இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களையும் அவர்கள் கண்டு சொன்னார்கள்: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது.

இந்த ஐந்தில் எது அந்தப் பெண்ணின் பலவீனம்? ஒன்றுகூட இல்லை. ஐந்தும் அவளைச் சுற்றி இருப்பவை. அப்படியானால் மருந்தில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

மாமியார்களே, தாய்மார்களே, எலிசபெத்தின் இடம் உங்களுடையது. மரியா ஏறக்குறைய மூன்று மாதம் அந்த வீட்டில் தங்கினார். உங்கள் மருமகளுக்கு உங்கள் வீட்டில் அப்படித் தங்குவதாகத் தோன்றவேண்டும். மாலையில் பூ கட்டும்போது பக்கத்தில் உட்காரவைத்து, "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஐந்து பவுனுக்கும் சீர்வரிசைக்கும் வளைகாப்புச் செலவுக்கும் இரு வீட்டாரும் வழக்காடுவது அவள் காதில் விழவேண்டாம். இன்னார் மகள் பிரசவத்தில் செத்தாள், இன்னார் பிள்ளை குறையோடு பிறந்தது என்ற கதைகளை அவள் முன்னால் எடுக்கவேண்டாம்.

கணவர்களே, செக்கரியா பேச முடியாமல் இருந்தார். உங்களுக்குப் பேச்சு இருக்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறவர்கள் பணம் அனுப்பியதும் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். இரவில் கூப்பிடும்போது, மாத்திரை போட்டாயா என்பதோடு, உனக்கு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். உள்ளூரில் இருப்பவர்கள் மருத்துவப் பரிசோதனைக்குக் கூடப் போங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். யோசேப்பு குழம்பியபோதும் மரியாவை அவமானப்படுத்த நினைக்கவில்லை. இறைவனின் திட்டம் தெரிந்ததும் அவரை ஏற்றுக்கொண்டார். குடித்துவிட்டு வந்து கர்ப்பிணி மனைவியைக் கைநீட்டி அடிக்கிறவன், வாழும் கடவுளின் கோயிலை அடிக்கிறான். இதைப் பீடத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். அப்படி அடிபடுகிற சகோதரி பொறுத்துக்கொண்டு கிடக்கவேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் கேட்கவில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். என்னிடமோ அருட்சகோதரிகளிடமோ வாருங்கள்.

ஆணா பெண்ணா என்ற பேச்சை நம் வீடுகளிலிருந்து அகற்றுவோம். வயிற்றுப் பிள்ளை என்ன பிள்ளை என்று பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. அதோடு, பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் உயிரணு. இரண்டாவதும் பெண்ணாகிவிடுமோ என்று ஒன்பது மாதமும் நடுங்குகிற பெண்ணுக்கு, எந்தப் பிள்ளையானாலும் இறைவனின் கொடை என்று புகுந்த வீடு முன்கூட்டியே வாய்திறந்து சொல்லிவிடவேண்டும்.

முன்பு கரு கலைந்து, அல்லது பிறந்த பிள்ளையை இழந்து, இப்போது மறுபடி சுமக்கிற சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு இது மகிழ்ச்சிச் செய்தி. உங்களுக்கு ஒவ்வொரு வாரமும் பயம். இழந்த அந்தப் பிள்ளையைத் திருப்பலியில் நினைத்து மன்றாடக் கேளுங்கள். மண முறைக்கு வெளியே கருவுற்று, யாரிடம் சொல்வது என்று தவிக்கிற பெண் யாரேனும் இருந்தால், அவருக்கும் சொல்கிறேன்: நம் ஆண்டவரின் தாயும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சவேண்டிய நிலையில் இருந்தவரே. இந்தக் கோயிலின் கதவு உங்களுக்கு மூடாது.

கர்ப்பிணித் தாய்மார்களே, இனி உங்களோடு பேசுகிறேன். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் உங்களுக்கென்றே சில பத்திகள் உள்ளன. பயமும் கவலையும் பிறர் பேச்சும் உங்கள் தாய்மையின் மகிழ்ச்சியைப் பறிக்க இடம் தராதீர்கள் என்று அதில் கேட்டுக்கொள்கிறார். அந்த மகிழ்ச்சியைக் காக்க உதவி கேளுங்கள். உங்கள் மனத்தை அறிந்த ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சிறிது நேரம் படுங்கள். மருத்துவர் தடுக்காவிட்டால் மாலையில் கொஞ்சம் நடங்கள். இரவில் செல்பேசியில் பிரசவக் காணொளிகளைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நோன்பு நாள்களில் பட்டினி கிடக்கவேண்டும் என்று திருச்சபை உங்களைக் கேட்பதில்லை. திருப்பலியில் நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்திருங்கள். முழு செபமாலை சொல்ல முடியாவிட்டால் ஒரு அருள்நிறை மந்திரம் போதும்.

கிராம சுகாதார செவிலியர் வரும்போது எடையையும் இரத்த அளவையும் சொல்வதுபோல், தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. காலத்தோடு பதிந்துகொண்டால் பணக்கவலையில் ஒரு பங்கு குறையும். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசுவார்கள். நம் மாநிலத்தின் 104 எண்ணும் இருக்கிறது. முன்பே மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் கருவுற்றதும் தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள். சிகிச்சைக்குப் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறத் தனிப் பிரிவே இருக்கிறது.

அன்பியப் பொறுப்பாளர்களே, மரியாயின் சேனையினரே, உங்களிடம் ஒரு பணியை ஒப்படைக்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் கிளைக் கிராமத்தில் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்கள் யார் யார் என்று பாருங்கள். கிறிஸ்தவர், இந்து, இஸ்லாமியர் என்று பிரிக்கவேண்டாம். ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஒரு தாய் துணையாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுங்கள். பரிசோதனைக்குப் போக ஆளில்லாதவரோடு போங்கள். மூத்த பிள்ளையை ஒரு மாலை பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவம் ஆனபின்னும் விட்டுவிடாதீர்கள். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள். மகப்பேற்றுக்கு முன் தாய்க்கு வழங்கும் ஆசியுரை திருச்சபையின் ஆசியுரை நூலில் இருக்கிறது. இன்று திருப்பலி முடிந்ததும் கர்ப்பிணித் தாய்மார்கள் கணவரோடும் மாமியாரோடும் பீடத்தருகே வாருங்கள். அந்த ஆசியை வழங்குகிறேன்.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு நீங்கள் வருவதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய்வாருங்கள். போய், அவர் மனம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இருங்கள். ஆமென்.